பாஸ்டர் மறுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: என் கணவர் ஸ்காபரோவில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் பாஸ்டர். எங்கள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளை ஒருத்தி தன் தோழியைக் கலியாணம் செய்யப்போகிறாள். "அங்கிள், நீங்கள்தான் நடத்தித் தரவேண்டும்" என்று கேட்டிருக்கிறாள். இவருடைய விசுவாசம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மறுத்தால் வழக்கு வரும், சபைக்கு வரிச்சலுகை தரும் சாரிட்டி (தொண்டு அமைப்பு) பதிவு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று அனுப்புகிறார்கள். மூன்று வாரமாக "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நாளைக் கடத்துகிறார். அழைப்பிதழ் வந்தால் நாங்கள் போகலாமா?
பாஸ்டரின் மனைவி, ஸ்காபரோ

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடுங்கள். கனடாவில் எந்தப் பாஸ்டரையும், பாதிரியாரையும், குருக்களையும் தன் மதநம்பிக்கைக்கு மாறான கலியாணத்தை நடத்தச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை நாடு முழுவதும் சட்டமாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணமும் அதே ஆண்டு தன் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. கலியாணத்தை நடத்த மட்டுமல்ல, வழிபாட்டு இடத்தையும் அதோடு சேர்ந்த மண்டபத்தையும் தர மறுக்கவும் அதில் இடமுண்டு. சாரிட்டி பதிவை இந்தக் காரணத்துக்காக மட்டும் பறிக்கக்கூடாது என்று வருமானவரிச் சட்டத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? சஸ்காச்சுவான் மாகாணத்தில் திருமண ஆணையர்கள் மத நம்பிக்கையைக் காட்டி இப்படியான கலியாணத்தை நடத்த மறுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, மறுக்கக்கூடாது என்று 2011இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர்கள் மாகாணம் நியமித்த ஆட்கள். மதச் சடங்கு எதுவும் இல்லாமல் கலியாணத்தைப் பதிய வருகிறவர்கள். உங்கள் கணவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இன்னொரு வழக்கை அவர் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்விட்லம் நகரில், நைட்ஸ் ஒஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு நடத்திய மண்டபத்தை இரண்டு பெண்கள் தங்கள் கலியாண விருந்துக்குப் பதிவு செய்தார்கள். விஷயம் தெரிந்ததும் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அழைப்பிதழ்கள் அதற்குள் போய்விட்டன. 2005இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் என்ன சொன்னது தெரியுமா? மறுக்க அந்த அமைப்புக்கு உரிமை உண்டு. ஆனாலும் நேரில் கூப்பிட்டுக் கதைத்திருக்கலாம், முறையாக மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வேறு இடம் தேட உதவியிருக்கலாம். அதைச் செய்யாததால் ஆளுக்கு 1,000 டொலர் கொடுக்கச் சொன்னது. அது வேறு மாகாணம், வாடகை மண்டபம். உங்கள் சபைக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது மறுத்த விதம்தான்.

அதனால் உங்கள் கணவரிடம் நான் குறை காண்பது அந்த மூன்று வாரத்தில்தான். ஒன்ராறியோவில் திருமண லைசென்ஸ் எடுத்தால் 90 நாள்தான் செல்லும். அந்தப் பிள்ளை மண்டபம், சாப்பாடு, புடவை, படக்காரர் என்று எல்லாவற்றையும் ஒரு தேதியை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருப்பாள். பதில் என்னவென்று இவருக்கு முதல் நாளே தெரியும். அப்படியிருக்க ஜெபத்தின் பெயரைச் சொல்லி அவளைக் காக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வாரமே அவளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தாய்க்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பவேண்டாம், அவளிடமே சொல்லட்டும். "என் விசுவாசப்படி என்னால் நடத்த முடியாது, மகள்" என்ற ஒரு வசனம் போதும். வேதபாடம் வேண்டாம், ஞாயிறு பள்ளியில் நீங்கள் கற்பித்த பிள்ளைதானே, அவளுக்கு வசனம் தெரியும். நகரசபையில் பதிவுத் திருமணம் செய்யலாம், நடத்திவைக்கும் வேறு சபைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அழைப்பிதழ் வந்தால் போவதா என்பது சட்டக் கேள்வி இல்லை. என்னைக் கேட்டால், நான் போவேன். அவரால் முடியாவிட்டால் நீங்கள் மட்டுமாவது மொய்க் கவரோடு போய் முன்வரிசையில் இருந்துவிட்டு வாருங்கள்.