ஒரு 'போது', மூன்று ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: "வைல் ஐ ரீச்ட் த ஆஃபீஸ், த மீட்டிங் ஹேட் ஸ்டார்ட்டட்" என்று ஓர் அறிக்கையில் எழுதினேன். மேலதிகாரி 'வைல்' என்பதை அடித்துவிட்டு 'வென்' என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டுக்குமே 'போது' என்றுதானே பொருள்? சிலர் 'ஆஸ்' என்றும் எழுதுகிறார்களே, எதை எங்கே போடுவது?

பதில்: அவர் திருத்தியது சரிதான். காரணத்தையும் சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டுகள் ஆங்கில வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பிழைக்கான விடை தமிழிலேயே இருக்கிறது.

'வைல்' அடிப்படையில் ஒரு பெயர்ச்சொல். 'ஃபார் எ வைல்' என்றால் 'கொஞ்ச நேரம்'. பழைய ஆங்கிலத்திலும் அதற்குக் கால அளவு என்றுதான் பொருள். நம்முடைய 'போது'கூட 'பொழுது' என்பதன் திரிபுதானே. ஆகவே 'வைல்' வந்தால் அதையொட்டி வரும் செயல் கொஞ்ச நேரமாவது நீடிக்க வேண்டும். படிப்பது நீடிக்கும், தூங்குவது நீடிக்கும், காத்திருப்பது நீடிக்கும். போய்ச் சேர்வது நீடிக்காது. சேர்ந்த கணமே முடிந்துவிடும்.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த சோதனை இது: தமிழ் வாக்கியத்தில் 'கொண்டிருந்தபோது' என்று பொருத்திப் பாருங்கள். "படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது" என்பது இயல்பாக ஒலிக்கிறது. அங்கே 'வைல்' வரலாம். "அலுவலகத்தை அடைந்துகொண்டிருந்தபோது" என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். அங்கே 'வென்'தான். 'இருந்தபோது' என்று வரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஓர் ஊரில் இருந்தபோது, ஒரு வேலையில் இருந்தபோது என்றால் இரண்டும் பொருந்தும். வயதைச் சொல்லும்போது 'வென்' மட்டுமே: "வென் ஐ வாஸ் டென்".

ஒரு நீண்ட செயலுக்கு நடுவே ஒரு குறுஞ்செயல் புகுந்தால், நீண்டதன் பக்கம் 'வைல்', புகுந்ததன் பக்கம் 'வென்'. "வைல் ஐ வாஸ் ரீடிங், த ஃபோன் ரேங்" என்றும் சொல்லலாம், "ஐ வாஸ் ரீடிங் வென் த ஃபோன் ரேங்" என்றும் சொல்லலாம். நடந்தது ஒன்றே, இணைப்புச் சொல் எந்தச் செயலோடு ஒட்டுகிறது என்பதுதான் வேறு.

'ஆஸ்' எனக்கு மிகவும் பிடித்த சொல், ஏனென்றால் தமிழில் அதற்கு அழகான இணை உண்டு. "ஏற ஏறக் குளிர் கூடியது" என்கிறோமே, அந்த அடுக்குதான் அது: "ஆஸ் வீ கிளைம்ட், இட் காட் கோல்டர்". இரண்டு மாற்றங்கள் கைகோத்து நடக்கும் இடத்தில் 'ஆஸ்' போடுங்கள். ஆனால் அதற்கு 'என்பதால்' என்ற பொருளும் உண்டு. "ஆஸ் ஐ வாஸ் லீவிங், ஐ லாக்ட் த டோர்" என்றால் கிளம்பும்போது பூட்டினீர்களா, கிளம்பியதால் பூட்டினீர்களா? அலுவலகக் கடிதத்தில் இந்தக் குழப்பம் வேண்டாம். 'வென்' அல்லது 'பிகாஸ்' என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: "வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" தவறு என்கிறார்கள். அவர் நாளைக்குத்தானே வருகிறார், 'வில்' ஏன் கூடாது?

பதில்: இதையே தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "நாளை அவர் வந்ததும் சொல்வேன்." 'வந்த' என்பது இறந்தகால வடிவம். இன்னும் வராதவரைப் பற்றி அப்படிச் சொல்கிறோம், யாருக்கும் நெருடுவதில்லை. எதிர்காலத்தை 'சொல்வேன்' என்ற முடிவு வினையே சுமந்துகொள்கிறது. ஆங்கிலமும் அப்படித்தான், அங்கே நிகழ்கால வடிவம் வருகிறது: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்". 'ஆஸ் சூன் ஆஸ்', 'பிஃபோர்', 'அன்டில்' எல்லாவற்றுக்கும் இதே வழக்கம். 'வென்' என்பது 'எப்போது' என்று பொருள்படும் இடத்தில் மட்டும் 'வில்' தாராளமாக வரலாம்: "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்".

கேள்வி: 'அன்டில்', 'பை த டைம்' வேறுபாடு?

பதில்: முன்னது 'வரும் வரை', பின்னது 'வருவதற்குள்'. "நீ வரும் வரை காத்திருந்தேன்" என்பதற்கு 'அன்டில்'. "நீ வருவதற்குள் முடித்துவிட்டேன்" என்பதற்கு 'பை த டைம்'.

'பணம் கட்டாத வரை' என்பதை மனத்தில் வைத்து "அன்டில் யூ டோன்ட் பே" என்று எழுதிவிடாதீர்கள். என் முதல் வேலை விண்ணப்பத்தில் நான் இப்படித்தான் எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன் என் ஆசிரியை பார்த்து 'டோன்ட்' என்பதை அடித்தார். "அன்டில் யூ பே" என்பதே போதும். 'டில்' என்று எழுதினாலும் பிழையில்லை. அது 'அன்டில்' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இரண்டில் மூத்தது 'டில்'தான்.