மலை இருக்கும் பக்கம் தெற்கு: அல்மாட்டி கேள்வி பதில்

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். வார இறுதி வந்தால் மலைக்குக் கிளம்பிவிடுவேன். ஊரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டு ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்பதால், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, மொத்தமே நாலு நாள் லீவு. சாரின் பள்ளத்தாக்கு, கோல்சாய் ஏரி, கைண்டி ஏரி மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி. சாரின் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், கோல்சாய் 300. விடியும் முன் கிளம்பி நள்ளிரவில் திரும்புவீர்கள். அதில் பாதிக்கு மேல் பஸ் ஜன்னல்தான். முதல் வருடம் நானும் அப்படித்தான் போனேன். கைண்டியில் எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போனது.

கைண்டிக்கு அவசரமாகப் போவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று. 1911-இல் வந்த பெரிய பூகம்பத்தில் மலை சரிந்து ஓடையை அடைத்ததால் உண்டான ஏரி அது. அங்கே நின்றிருந்த ஊசியிலை மரங்கள் நின்றபடியே மூழ்கிவிட்டன. மேலே பார்த்தால் பட்டை உதிர்ந்து வெளுத்த கம்பங்கள். கரையோரம் குனிந்து பார்த்தால் அதே மரம் தண்ணீருக்குள் இன்னும் கிளைகளோடு நிற்கும். ஐஸ் மாதிரி தண்ணீர், அதனால் மக்கவில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீரின் நிறம் மாறும். அதற்காகவாவது இரண்டு மணி நேரம் உட்காரவேண்டும்.

ஏரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சாத்தி கிராமத்தில் ஒரு இரவு தங்குங்கள். வீட்டோடு சேர்ந்த விடுதிகள் நிறைய, சாப்பாடும் அவர்களே போடுவார்கள். அங்கிருந்து கைண்டிக்குப் பழைய சோவியத் வேன் ஓடுகிறது. ரொட்டி மாதிரி உருவம் என்பதால் அதன் பட்டப்பெயரே ‘புகான்கா’, அதாவது முழு ரொட்டி. ஆற்றுக்குள் இறங்கி ஏறும்போது தலை கூரையில் இடிக்கும், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாரினைத் திரும்பும் வழியில் சாயங்காலம் பாருங்கள். மத்தியான வெயிலில் அந்தச் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே நடந்தால் அடுப்புக்குள் நடந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மலை பார்க்க ஆசைப்படுகிறார். முடியுமா?

தாராளமாக. மலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கஜகஸ்தான் ஹோட்டல் பக்கத்தில் 12-ஆம் எண் பஸ் பிடித்தால் மெதேவு. உயரத்தில் இருக்கும் பெரிய ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம் அது, 1,691 மீட்டர். அங்கிருந்து ரோப் கார் ஷிம்புலாக் என்ற பனிச்சறுக்குத் தலத்துக்கு, 2,260 மீட்டர். அதற்கு மேல் இன்னும் இரண்டு ரோப் கார் மாறினால் தல்கார் கணவாய், சுமார் 3,200 மீட்டர்.

அப்பாவை முதலில் ஷிம்புலாக்கில் நிறுத்துங்கள். அங்கே ஒரு டீ குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தலைவலியோ மூச்சு வாங்கலோ இல்லை என்றால் மட்டும் மேலே. மெதேவுக்கு மேலே அணை மீது ஏறும் படிக்கட்டு 842 படி, அதைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அந்த அணையில் தண்ணீரே இல்லையே, எதற்கு?

நல்ல கேள்வி. அது தண்ணீர் தேக்க அல்ல, சேற்று வெள்ளத்தைத் தடுக்க. மேலே பனிப்பாறை ஏரி உடைந்தால் பாறையும் சேறும் சேர்ந்து பள்ளத்தாக்கு வழியாக ஊருக்குள் வரும். இங்கே அதற்கு ‘சேல்’ என்று பெயர். 1921-இல் அப்படி வந்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். 1966-இல் மலைச்சரிவையே வெடி வைத்துச் சரித்து அணையை ஆரம்பித்தார்கள். 1973 ஜூலையில் பெரிய சேல் ஒன்று வந்தது, அணை தாங்கியது. ஊர் தப்பித்தது.

கேள்வி: பெரிய அல்மாட்டி ஏரிக்கு டாக்ஸியில் போய்விடலாமா?

அதற்கு முன்னாலேயே சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் போகும் ஏரி அது, குளிக்கவும் கூடாது, விளிம்பில் இறங்கவும் கூடாது. விதிகளும் அடிக்கடி மாறும். ஒரு டிரைவர் “எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன்” என்று சொல்லிக் கூட்டிப்போனார். சாவடியில் அவர் பேசியதெல்லாம் இரண்டே வார்த்தை, அப்புறம் வண்டியைத் திருப்பிவிட்டார். பணம் திரும்பவில்லை. முந்தின நாளே விசாரித்துவிட்டு, நடக்கத் தயாராக, பாஸ்போர்ட்டோடு போங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ‘பெஸ் மியாஸா’, கறி இல்லாமல் என்று ரஷ்ய மொழியில். ஆனால் அது மட்டும் போதாது. என் அம்மா வந்தபோது லக்மான் நூடுல்ஸை அப்படிக் கேட்டோம். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சமையலறைக்குப் போய், கறித்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மேலே எண்ணெய் மிதந்தது. அம்மா ஆப்பிளோடு முடித்துக்கொண்டார்.

பச்சைச் சந்தைக்குப் போங்கள், கஜக்கில் கோக் பஜார். கொரிய அம்மாக்கள் ஒரு வரிசை முழுக்கக் கேரட், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரியான சாலடுகள் குவித்து வைத்திருப்பார்கள். 1937-இல் ஸ்டாலின் ரயிலேற்றி இங்கே தள்ளிய கொரியர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இங்கே அவர்கள் ஊர் முட்டைக்கோஸ் கிடைக்காததால் கேரட்டில் செய்ய ஆரம்பித்தது, இன்று நாட்டுக்கே சொந்தமாகிவிட்டது. காரமும் பூண்டும் உண்டு, தந்தூர் ரொட்டியோடு பிரமாதம். வாங்கும்போது மீன், கறி கலந்தது எது என்று விரலைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த வரிசையில் குதிரைக் கறித் தொத்திறைச்சி தொங்கும், திடுக்கிட வேண்டாம்.

கேள்வி: விசா, நேர வித்தியாசம்?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள்வரை விசா தேவையில்லை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். டிசம்பரில் நாலே கால், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மலையில் மூன்று மணிக்கே திரும்பத் தொடங்கவேண்டும்.

கேள்வி: பனி பார்க்க டிசம்பரில் வரலாமா?

பனி உண்டு, புகையும் உண்டு. குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை மலையடிவாரத்தில் தேங்கி, ஊர்மேல் சாம்பல் நிறக் கூரை மாதிரி உட்கார்ந்துவிடும். ரோப் காரில் ஏறும்போது அந்தக் கூரையைக் கிழித்துக்கொண்டு வெயிலுக்குள் போவீர்கள். கீழே எங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் செப்டம்பரில் வாருங்கள்.

கேள்வி: செப்டம்பரில் அல்மாட்டி ஆப்பிள் வாங்கலாமா?

‘அபோர்ட்’ என்று கேளுங்கள். ஒன்றே இரு உள்ளங்கை நிறையும். நாம் தின்னும் ஆப்பிளின் காட்டு மூதாதை இந்த மலைகளில்தான் வளர்கிறது. கஜக்கில் ‘அல்மா’ என்றாலே ஆப்பிள்தான்.

கேள்வி: வழி தெரியாமல் தொலைந்துபோனால்?

தொலைய மாட்டீர்கள். இங்கே வடக்கு, தெற்கு யாரும் சொல்வதில்லை. ‘மேலே’ என்றால் மலைப் பக்கம், அதாவது தெற்கு. ‘கீழே’ என்றால் வடக்கு. பஸ்ஸில் பாட்டிகள் “இரண்டு நிறுத்தம் மேலே போய் இறங்கு” என்பார்கள். சாலையோர வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது வடக்கு. புகை இல்லாத நாளில் தலையைத் தூக்கினாலே போதும். ராத்திரியில் மட்டும் வாய்க்காலைப் பார்த்து நடங்கள். மூடி இருக்காது, நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.