பிப்ரவரி 29 விருந்தும் ஐந்து வருட ஆர்.டி.யும்

கேள்வி: என் கணவர் பிறந்தது 29.2.1968. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் பிறந்தநாள் என்பதால் 1996 முதல் தவறாமல் மண்டபம் பிடித்து விருந்து போடுகிறோம். 2024-ல் நடந்தது எட்டாவது: 250 பேர், 2,10,000 ரூபாய் செலவு. அடுத்ததற்காக மார்ச் 2024 முதல் தபால் நிலைய ஆர்.டி.யில் மாதம் 5,000 கட்டுகிறேன். 2028-ல் அவருக்கு 60 நிறைகிறது. தமிழக அரசுப் பணியிலிருந்து ஓய்வும் அப்போதுதான். மண்டபத்தில் 25,000 முன்பணம் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம் என்றிருக்கிறது. மணிவிழா வருடத்தில் நிறுத்தினால் அவர் மனம் வருந்துவாரோ? மொய் வைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. பெரும்பாலான மண்டபங்களில் அது திரும்பி வராது.

உங்கள் ஆர்.டி.யைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது ஐந்து வருடக் கணக்கு. விருந்தோ நான்கு வருடத்தில் வந்துவிடுகிறது. மூன்று வருடம் முடிந்தபின் கணக்கை இடையில் முடிக்கலாம், ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் எடுத்தாலும் 6.7 சதவீதம் போய் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். பிப்ரவரி 2028-ல் நீங்கள் கட்டியிருப்பது 2,40,000. அப்போது முடித்தால் வட்டியில் சுமார் 15,000 ரூபாய் விட்டுப்போகும். மார்ச் 2029 வரை பொறுத்தால் கையில் 3,56,800 சொச்சம். விலைவாசி வருடம் 7 சதவீதம் ஏறினால் அதே 250 பேர் விருந்து 2028-ல் 2,75,000 ஆகும். கணக்கை முழுதாகக் கரைத்தாலும் அதற்குப் பற்றாது.

மணிவிழாவுக்கு பிப்ரவரி 29 தேவையே இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் பிறந்தது பிலவங்க வருடம் மாசி மாதம். அறுபது வருடச் சுற்று முடிந்து 2028 மாசியில் மறுபடி அதே பிலவங்கம் நடக்கும். அந்த மாசியில் அவருடைய ஜென்ம நட்சத்திரம் வரும் நாள்தான் சடங்குக்குரிய நாள். அதோடு, அரசுப் பணியில் ஓய்வு மாதக் கடைசி நாளில்தான். அதாவது 29-ம் தேதியேதான், செவ்வாய்க்கிழமை. அன்று அவர் அலுவலகத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். மண்டபத்தில் பந்தி கவனிக்க முடியாது.

ஆகவே, விருந்தை விடுங்கள், மணிவிழாவை விடாதீர்கள். ஹோமம், கலசம், குருக்கள் தட்சிணை 25,000. நெருங்கியவர்கள் 40 பேருக்கு இலை 350 வீதம் 14,000. வேட்டி, சேலை, மாலை 12,000. சில்லறைச் செலவு 9,000. மொத்தம் 60,000-க்குள் வீட்டிலோ கோயிலிலோ நிறைவாகச் செய்யலாம். பணம் குறைந்தால் ஆர்.டி.யை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்குங்கள். இருப்பில் பாதி வரை தருவார்கள், வட்டி ஆர்.டி. விகிதத்தோடு 2 சதவீதம் கூட, அதாவது 8.7. நாற்பதாயிரத்துக்கு ஒரு வருட வட்டி 3,480 ரூபாய்தான். பணிக்கொடையை நம்பி மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோப்பு நகர மாதங்கள் ஆகலாம்.

மொய் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வருமான வரியில் விலக்கு திருமண மொய்க்கு மட்டும்தான். பிறந்தநாளுக்கும் மணிவிழாவுக்கும் கிடையாது. உறவினர் அல்லாதவர்கள் தருவது ஒரே நிதியாண்டில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். பெரியப்பா மகன், அத்தை மகன் எல்லாம் சட்டத்தின் பட்டியலில் உறவினர் இல்லை. எனவே அழைப்பிலேயே மொய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய மொய் நோட்டை எடுத்து, நீங்கள் இன்னும் யாருக்கெல்லாம் திருப்பிச் செய்யவில்லையோ அவர்கள் பெயருக்கு எதிரே குறியிட்டு வையுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கென்று மாதம் 1,000 தனியாகச் சேரட்டும். விருந்து நின்றாலும் அந்தக் கடன் நிற்காது.

உங்கள் கணவரிடம் இதை முடிவாகச் சொல்லாமல், எட்டு விருந்தில் எதை அவர் மிகவும் விரும்பினார் என்று கேட்டுத் தொடங்குங்கள். யாராவது ஒரு பழைய நண்பராக இருக்கலாம், ஒரு பாயசமாக இருக்கலாம். அதை அந்த 40 இலைக்குள் கொண்டுவந்துவிடலாம். உறவுக்கும் நட்புக்கும் 2027 தீபாவளிக்கு முன்பே அவரே போனில் சொல்லட்டும். கடைசி நேரத்தில் தெரிந்தால்தான் மனத்தாங்கல் வரும்.

2029 மார்ச்சில் ஆர்.டி. முதிர்ந்ததும் 3,56,000-ஐ அவர் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இன்றைய 8.2 சதவீதம் அப்போதும் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 7,300 ரூபாய் வரும்.