சின்ஃபோனியாவும் சிம்பொனியும் ஒன்றுதானா?

கேள்வி: என் மகளுக்குப் பியானோ ஆசிரியர் பாஹின் ‘சின்ஃபோனியா’ ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டே பக்கம். அதே பெயரை இணையத்தில் தேடினால் விவால்டி, ரோசினி, பெரியோ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று ஐந்து நிமிடம், இன்னொன்று அரை மணி நேரம். சின்ஃபோனியாவும் சிம்பொனியும் ஒன்றா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: சொல் ஒன்றுதான், பொருள்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பேத்தோவன் தன் மூன்றாம் சிம்பொனியை 1806இல் அச்சிட்டபோது அட்டையில் இருந்தது ‘சின்ஃபோனியா எரோய்க்கா’ என்ற இத்தாலியப் பெயர்தான். ஆகவே பெயரை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எந்த ஆண்டு எழுதியது, எதற்காக எழுதியது என்ற இரண்டையும் பாருங்கள்.

மகளின் பாடத்தை முதலில் பார்த்துவிடுவோம். பாஹின் அந்தப் பதினைந்து சின்ஃபோனியாக்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் தொடர்பில்லை. மூன்று தனித்தனி மெட்டுகள் இரண்டு கைகளுக்குள் ஒரே நேரத்தில் ஓடும். நடு மெட்டு வலக்கையிலிருந்து இடக்கைக்குத் தாவித் திரும்பும். மூத்த மகனுக்காக வைத்திருந்த பயிற்சி ஏட்டில் பாஹ் இவற்றை ‘ஃபான்டசியா’ என்றே குறித்திருந்தார். 1723ஆம் ஆண்டின் திருத்தமான கைப்பிரதியில்தான் பெயர் மாறியது. ‘சேர்ந்து ஒலித்தல்’ என்பது அச்சொல்லின் கிரேக்க வேர்ப்பொருள். மூன்று குரல்கள் சேர்ந்து ஒலிப்பதற்கு அது பொருந்தித்தான் போகிறது. வெளி மெட்டுகள் இரண்டையும் வாசித்துக்கொண்டே நடு மெட்டை வாயால் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் திணறுவாள், பிறகு பிடிபட்டுவிடும்.

சிம்பொனியாக வளர்ந்த சின்ஃபோனியா பிறந்தது ஓபரா என்னும் இசை நாடக அரங்கில். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில், பாட்டில்லாமல் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் துண்டு எதையும் இப்படி அழைத்தார்கள். மான்டவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’விலேயே (1607) இடையிடையே பல வருகின்றன. நூற்றாண்டின் இறுதியில் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி, ஓபராவின் தொடக்கத்தில் வாசிக்கும் சின்ஃபோனியாவுக்கு ஒரு நிலையான அச்சைக் கொடுத்தார்: வேகம், நிதானம், மறுபடி வேகம். பிரான்சில் லுல்லி வகுத்த முறை இதற்கு நேர் எதிர். அங்கே கம்பீரமான மெதுநடைதான் முதலில் வரும். ஹெண்டலின் ‘மெசையா’ தொடக்கத்தில் சின்ஃபோனியா என்ற பெயரின் ஆங்கில வடிவம் இருக்கும், இசையோ பிரெஞ்சு பாணி. இதில் ஏமாறாதவர் குறைவு.

இத்தாலிய அரங்குகளில் தனி மாடங்களில் உட்கார்ந்தவர்கள் சாப்பிடுவார்கள், சீட்டாடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். அந்த இரைச்சலுக்கு மேல் எழும்ப, முதல் பகுதி உரத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது. பின்னால் வரும் கதைக்கும் இதற்கும் பெரும்பாலும் ஒட்டுறவே இருக்காது. 1755இல் இத்தாலிய எழுத்தாளர் அல்கரோட்டி தன் ஓபரா கட்டுரையில் இதைத்தான் குறை சொன்னார்: எல்லாத் தொடக்க இசையும் ஒரே அச்சு, எல்லாம் ஒரே சத்தம். குறை நியாயமானதுதான். ஆனால் கதையோடு ஒட்டாத அந்த இசையை ஓபராவிலிருந்து கழற்றித் தனியாக வாசிப்பது எளிதாயிற்று. என் கணக்கில் சிம்பொனி பிறந்ததே இந்தக் குறையால்தான்.

1730களில் மிலானில் சம்மார்த்தீனி ஓபராவே இல்லாமல் கச்சேரிக்கென்று சின்ஃபோனியாக்களை எழுதினார். மிலான் அப்போது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்ததால் வியன்னாவுக்குப் போக்குவரத்து இருந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஸ்டாமிட்ஸ், மூன்று பகுதிகளோடு மினுயெட் என்னும் நடன வகையைச் சேர்த்து நான்காக்கினார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் மட்டும் சம்மார்த்தீனிக்குத் தான் கடன்பட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் கிறுக்கல் ஆசாமி என்றே சொன்னதாக கிரீசிங்கர் எழுதிய ஹைடனின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. முன்னோரிடம் பெரிய கலைஞர்கள் எப்போதும் நியாயமாக நடந்துகொள்வதில்லை.

கேட்பதற்கு மொஸார்ட்டின் 32ஆம் சிம்பொனியிலிருந்து தொடங்குங்கள், கே. 318 (மொஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்) என்று தேடினால் கிடைக்கும். 1779இல் எழுதியது, எட்டு நிமிடத்துக்குச் சற்று முன்பின். மூன்று பகுதிகளும் இடைவெளியின்றி ஓடும். முழு ஆர்கெஸ்ட்ராவும் ஓங்கி ஒலிக்க, வயலின்கள் மெல்ல பதில் சொல்லும். அந்தத் தொடக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் வேகம் அப்படியே நின்று, நிதானமான பகுதி நுழைகிறது. அது முடிந்து வேகம் திரும்பும்போது முதல் மெட்டை எதிர்பார்ப்பீர்கள். அவர் உடனே தரமாட்டார். கடைசித் தறுவாயில்தான் அது வந்து சேரும். பழைய ஓபரா அச்சும் புதிய சிம்பொனியும் ஒரே துண்டுக்குள் கைகோத்து நிற்பதை இதைவிடச் சுருக்கமாகக் கேட்க முடியாது.

அடுத்து விவால்டியின் ‘ஒலிம்பியாதே’ (1734) ஓபரா சின்ஃபோனியா. பிறகு ரோசினியின் ‘செவில் நாவிதன்’ (1816). அந்தத் தொடக்க இசையை அவர் அதற்கு முன்பே வேறு இரண்டு ஓபராக்களுக்குப் பயன்படுத்தியிருந்தார், இரண்டுமே சிரிப்புக்கதைகள் அல்ல!

பெரியோவின் ‘சின்ஃபோனியா’ (1968) எட்டுக் குரல்களும் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த வேறு உலகம். அதற்குப் போகும்முன் மாலரின் இரண்டாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். பெரியோ தன் மூன்றாம் பகுதியை அதன் முதுகில் ஏற்றித்தான் நடத்துகிறார்.