தலைகீழ் பின் நம்பர்

கேள்வி: ஏ.டி.எம்.மில் திருடன் மிரட்டினால் பின் நம்பரைத் தலைகீழாக அழுத்துங்கள், பணமும் வரும், போலீசுக்கும் தகவல் போய்விடும் என்று கொழுந்தனார் மெயில் அனுப்பியிருக்கிறார். நானும் எல்லாருக்கும் அனுப்பட்டுமா?
- வாசகி, தேனி

பதில்: வேண்டாம்மா. இது பல வருடமாகச் சுற்றுகிற பழைய கதை. முதலில் நீங்களே யோசித்துப் பாருங்கள், பின் நம்பர் 7887 என்று வைத்திருப்பவர் அதை எப்படித் திருப்பிப் போடுவார்? அவர் 500 ரூபாய் எடுக்கப் போகும்போதெல்லாம் போலீஸ் ஜீப் வந்து நிற்குமா என்ன!

கதை முழுக்கக் கற்பனையும் இல்லை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. இப்படி ஒரு யோசனைக்கு அமெரிக்காவில் ஒருவர் 1998-ல் காப்புரிமை வாங்கினார், ஆனால் வங்கிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2010-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் விசாரித்தபோதும், எந்த ஏ.டி.எம்.மிலும் இந்த வசதி இல்லை என்றுதான் தெரிந்தது. கத்தியோடு ஒருவன் பக்கத்தில் நிற்கும்போது இதை நம்பி அழுத்தினால் 'தவறான பின்' என்று திரையில் வரும், அவனுக்குக் கோபம்தான் ஏறும்.

அடுத்த முறை இப்படி ஏதாவது வந்தால், அதிலுள்ள ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், பழைய புரளி என்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். வங்கி சமாச்சாரம் என்றால் அட்டையின் பின்னால் இருக்கிற நம்பருக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம். அப்புறம், கொழுந்தனாரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் போகிற மாதிரி பதில் போட்டுவிடாதீர்கள், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார் இல்லையா!