முதலில் நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் புத்தகம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் இருக்கிறது, அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தமிழும் ஆங்கிலமும் நன்றாக வாசிப்பான். அவனைப் போன்ற பிள்ளைகள் வரும் கதைப் புத்தகம் கொடுத்தால் தானாகவே புரிந்துகொள்வானா? 12 வயதில் அவனுக்கு ஓர் அக்காவும் உண்டு.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: புத்தகம் வாங்குங்கள், தாராளமாக. ஆனால் நீங்கள் சொல்லத் தயங்குகிற விஷயத்தைப் புத்தகத்தின் தலையில் கட்டாதீர்கள். சத்தம் தனக்கு ஒத்துவரவில்லை, மற்றவர்கள் சட்டென்று சிரிக்கிற ஜோக் தனக்குப் பிடிபடவில்லை என்பதெல்லாம் இந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதற்கு ஒரு பெயர் இருப்பதுதான் தெரியாது. அதை ஏதோ ஒரு அத்தியாயத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பதைவிட அம்மா சாதாரணமாகச் சொல்லிக் கேட்பது எவ்வளவோ மேல்.

சொன்ன பிறகு, எல் மெக்நிகால் 2020-ல் எழுதிய 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' கொடுக்கலாம். முன்பொரு காலத்தில் சூனியக்காரிகள் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் வைத்தே ஆக வேண்டும் என்று ஊரையே எதிர்த்து நிற்கிற 11 வயது ஸ்காட்லாந்துச் சிறுமியின் கதை. அவளுக்கும் ஆட்டிசம், அவள் அக்காவுக்கும் ஆட்டிசம், எழுதியவருக்கும்தான். அவள் யாருடைய பரிதாபத்துக்கும் காத்திருக்கவில்லை, அவளுக்கு ஒரு காரியம் முடிக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும். ஆனால் ஆசிரியையும் சக மாணவியும் அவளைப் படுத்துகிற இடங்கள் கொஞ்சம் கடுமையானவை, ஆகவே முதலில் நீங்கள் வாசித்துவிடுங்கள். ஆங்கிலம் அவனுக்குக் கனமாக இருந்தால் ராத்திரி நீங்களே தமிழில் சொல்லுங்கள்.

அக்காவுக்கு வேறு புத்தகம். சிந்தியா லார்டின் 'ரூல்ஸ்', 2006-ல் வந்தது. ஆட்டிசம் உள்ள தம்பிக்காக "மீன் தொட்டியில் பொம்மை போடக் கூடாது" என்கிற மாதிரி விதிகளை எழுதிவைக்கிற 12 வயதுப் பெண், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவள் முன்னால் தம்பியை நினைத்துக் கூச்சப்படுகிறாள், பிறகு அப்படிக் கூச்சப்பட்டதை நினைத்தும் கஷ்டப்படுகிறாள். உங்கள் மகளுக்கும் அப்படி இருக்கலாம், வெளியே சொல்லமாட்டாள். இதைத் தம்பிக்கு இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், அதில் அந்தப் பையனை நாம் அக்காவின் கண் வழியாக மட்டும்தான் பார்க்கிறோம்.

நீங்களும் கணவரும், ஆட்டிசத்தைப் பற்றித் தமிழில் வந்த யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவலை வாசியுங்கள்.

கடையில் வேறு எதையாவது எடுத்தால் கடைசி சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு ஆட்டிசம் "குணமாகி" கதை முடிகிறதா, இல்லை கணக்கில் புலி என்று தெரிந்த பிறகுதான் வகுப்பு அவனைச் சேர்த்துக்கொள்கிறதா, அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். மற்றவர்கள் நல்லவர்களாக மாறுவதற்காகவே ஒரு பிள்ளையைக் கதைக்குள் உட்காரவைப்பதும் இதே ரகம்தான்.

ஒன்று மட்டும், வாசித்து முடித்ததும் "அவளும் உன்னை மாதிரியே இல்ல?" என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தோன்றினால் அவனே சொல்வான், பிடிக்கவில்லை என்று பாதியில் மூடிவைத்தாலும் விட்டுவிடுங்கள்.