ஸ்பீடு கோர்ஸ் வேண்டாம், பேக்ஸ்பேஸைக் குறையுங்கள்

கேள்வி: மூன்று மாதமாகக் கீபோர்டைப் பார்க்காமல் ஆங்கில டைப்பிங் பழகுகிறேன். நிமிடத்துக்கு 24 சொல்லைத் தாண்டவில்லை. பத்துத் தட்டலில் ஒன்று தப்பு. முன்பு பார்த்துப் பார்த்து இரண்டு விரலில் அடித்தபோது 35 வந்தது. அலுவலகத்தில் அவசரமென்றால் இப்போதும் அப்படித்தான். ‘15 நாளில் 60 சொல், சான்றிதழ், வேலை உறுதி’ என்று ஒரு பயிற்சி நிலையம் அழைக்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். உங்கள் விரலில் வேகம் ஏற்கெனவே இருக்கிறது.

டைப்பிங் கணக்கில் ஒரு சொல் என்பது 5 தட்டல், இடைவெளியும் சேர்த்து. நிமிடத்துக்கு 150 தட்டல் என்றால் 30 சொல். அதில் 15 தப்பு, அதை பேக்ஸ்பேஸில் அழிக்க இன்னொரு 15. முப்பது தட்டல் வீணாகி, மிச்சம் 24 சொல். நீங்கள் நிற்கும் இடம் அதுதான்.

‘தி’ (the) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். டி-க்கு இடது ஆள்காட்டி விரல், எச்-சுக்கு வலது ஆள்காட்டி விரல், ஈ-க்கு இடது நடுவிரல். வலது கை கொஞ்சம் பிந்தினால் நடுவிரல் முந்திக்கொண்டு டி, ஈ, எச் என்று விழும். விரல்களுக்கு வரிசை பழகவில்லை, அவ்வளவுதான். கடிகாரத்தின் ஒரு டிக்குக்கு ஒரு எழுத்து என்று அதே சொல்லை 20 முறை அடியுங்கள். நடுவில் தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. நூற்றுக்கு 97 சரியாக விழும்வரை வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அதைவிட முக்கியம்: அலுவலகத்தில் இரண்டு விரலுக்குத் திரும்பாதீர்கள். காலையில் 20 நிமிடம் பழகியதைப் பகல் முழுக்க நீங்களே அழிக்கிறீர்கள். கையின் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடு ஆள்காட்டி விரல்களுக்கு இடம் காட்டும். சில வாரம் வேலை மெதுவாகத்தான் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆறேழு விரலில் அடித்தாலும் கீபோர்டைப் பார்க்காமலே 50 சொல் தாண்டுகிறவர்கள் மாற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தினமும் அதே விரல்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்றால் இந்தச் சலுகை கிடையாது. பின்னிரவில் களைத்திருக்கும்போதும் பார்வை கீழே இறங்கக் கூடாது. கை வலியும் இருக்கக் கூடாது. உங்களுக்கு இது பொருந்தாது. நீங்கள் பார்த்துத்தான் அடித்தீர்கள்.

இனி அந்த நிலையம். ‘பிழைக்கு எத்தனை கழிப்பீர்கள்? சான்றிதழில் பிழை எண்ணிக்கை வருமா?’ என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். பழகிய பத்தியையே திரும்பத் திரும்ப அடிக்கவைத்தால் யாருக்கும் எண் ஏறும். வேலைக்கு எடுப்பவர்கள் சிலரும் அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தாளைக் கோப்பில் செருகுகிறார்கள். சில பயிற்சி மென்பொருள்களும் வேகத்தைப் பெரிதாகவும் பிழையைப் பொடி எழுத்திலும் காட்டிப் புதியவர்களை ஓடவைக்கின்றன. எத்தனை பேருடைய பழக்கம் இப்படிக் கெட்டுப்போகிறது! ‘வேலை உறுதி’ என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பது பழைய மோசடி. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். கட்டணம் என்ற சொல் வந்ததுமே போனை வைத்துவிடுங்கள்.